மேனேஜர் தின்ற காளான்

அந்தத் தெருவில் யாரிடம் வழி கேட்டாலும் இன்றைக்கும் "காளான்காரம்மா வீட்டுக்கு எதிரே", "காளான்காரம்மா வீட்டைத் தாண்டி ரெண்டாவது" என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் காளான் முளைத்து ஆண்டுக்கணக்கில் ஆகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பேச்சை நம்பிப் பையோடு போய்க் கதவைத் தட்டிவிட்டு அசடு வழியத் திரும்புவதும் உண்டு. அந்த அம்மாளும் சலித்துக்கொள்ளாமல், "அதெல்லாம் அந்தக் காலம்மா. வந்தது வந்துட்டே, உள்ள வா, தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்பாள். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் முழங்காலைத் தடவிக் காட்டுவாள். முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காரணம் ஒரு நாய்.

அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். என்றைக்காவது சொந்தமாக ஒரு கார் வாங்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, காருக்கு முன்னால் கார் ஷெட்டைக் கட்டி வைத்தவர். கார் வரவில்லை. ஷெட்டில் முதலில் மகளுடைய பழைய சைக்கிள் நின்றது, பிறகு உடைந்த நாற்காலிகள் சேர்ந்தன, கடைசியில் தூசு குடியேறியது. மகள் கல்யாணமாகி வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. விடியும்போது வண்டியெடுக்கப் போகிறவர் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் எதிர் வீட்டு டெய்லரின் மனைவி, காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், துணைக்கு வா என்று கூப்பிட்டாள். வைக்கோல் அவிக்கிற வாடை தாங்காமல் டெய்லர் மனைவி முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். துணைக்குப் போனவள் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஷெட்டை அப்போது பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோகும். சுவரெல்லாம் ஈரச் சாக்கு. அவித்து ஆறவைத்த வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கடுக்காகத் திணித்த பாலித்தீன் பைகள் தலையணை உறை போல உப்பிக்கொண்டு கயிற்றில் வரிசையாகத் தொங்கும். முதலில் வைக்கோல் முழுக்க வெள்ளை நூல் ஓடும். பிறகு ஒருநாள் பையில் குத்திய ஓட்டைகளில் குண்டூசித் தலை மாதிரி ஏதோ எட்டிப் பார்க்கும். மறுநாள் பார்த்தால் கொத்துக் கொத்தாகச் சிப்பிக் காளான், ஒவ்வொன்றும் குழந்தையின் காது போல. அதைப் பறிக்கும் முன் அவள் ஒரு நிமிஷம் சும்மா நின்று பார்ப்பாள். வாங்க வந்தவர்கள் வாசலில் காத்திருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

டிரைவர் ஓய்வு பெற்றதும்தான் வீட்டில் சத்தம் வந்தது. பணிக்காலம் முழுக்க 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனுஷர். அத்தனை வருஷம் அடக்கி வைத்த பேச்சையெல்லாம் மனைவியிடம் இறக்கினார். அவள் கிழக்கு என்றால் இவர் மேற்கு. மழை வரும் என்றால் வராது. வைக்கோல் ஈரம் என்றால் காய்ந்துவிட்டது. விவரம் தெரியாதவர்கள் அது சண்டை என்று நினைத்தார்கள். உண்மையில் இருவருக்கும் அதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறு எதுவும் இல்லை, சாப்பாடு செரிப்பதே அதில்தான்.

ஓய்வு பெற்ற அன்று பஸ் டிப்போவிலிருந்து சால்வையோடு ஒரு நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. பெயர் என்ன என்று அவள் கேட்டாள்.

"மேனேஜர்."

"நாய்க்கு இதென்னங்க பேரு?"

"இத்தனை வருஷம் மேனேஜர் சொன்னதை நான் கேட்டேன்ல? இனிமே மேனேஜர் நான் சொல்றதைக் கேக்கட்டும்."

மேனேஜர் யார் சொன்னதையும் கேட்கவில்லை. அந்த வகையில் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. வந்த ஒரே வாரத்தில் ஷெட்டின் உள்ளே புகுந்து, அவள் நறுக்கிப் போட்டிருந்த காளானின் அடிக்காம்புகளை மோந்து பார்த்தது. அடிக்காம்பு விற்பனைக்கு ஆகாது, ரப்பர் மாதிரி இருக்கும். வீணாகப் போவானேன் என்று அவள் அதை உப்பில்லாமல், வெங்காயம் பூண்டு எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பொடிப்பொடியாக நறுக்கிச் சோற்றில் கலந்து வைத்தாள். மேனேஜர் தட்டை நக்கிய நக்கில் தட்டு ஓட்டையாகாமல் இருந்தது ஆச்சரியம்.

டிரைவர் குதித்தார்.

"நாய்க்குப் போய் யாராவது காளான் போடுவாங்களா? ஏதாவது ஆச்சுன்னா?"

"காளான்தானேங்க. நாம திங்கறோம், தெருவே திங்குது."

"நாம மனுஷங்க. அது நாய்."

"அதுக்கும் வயிறுதானே இருக்கு?"

இந்த வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. தடுப்பூசி போடப் போனபோது நாய் டாக்டரம்மாவிடமே தீர்ப்புக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "வளர்க்கற காளான் தப்பில்லை. எண்ணெய், மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாம வேகவெச்சு, கொஞ்சமா, எப்பவாவது கொடுங்க. தானா முளைக்கிறது மட்டும் கூடவே கூடாது" என்றாள். டிரைவரின் முகம் தொங்கிப்போனது. அவளோ சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வீடு வந்து சேர்ந்தாள். எதிர் வீட்டு டெய்லரிடம் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள், மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "டாக்டரே சொல்லிட்டாங்க" என்பது அந்த வீட்டில் ஒரு முத்திரையாகிவிட்டது. வேறு எதற்குத் தர்க்கம் வந்தாலும் அவள் அதை எடுத்து வீசுவாள், அவர் வாயை மூடிக்கொள்வார். ஜெயித்தவளுக்கு டாக்டரம்மா சொன்னதில் முன்பாதி மட்டும் நினைவிருந்தது. தோற்றவருக்கு அதுகூட நினைவில்லை, தோற்றது மட்டும்தான் நினைவிருந்தது.

காலையில் மேனேஜரை உலாவ அழைத்துப்போவது டிரைவரின் வேலை. தெருக்கோடியில் ஒரு காலி மனை, அதில் ஒரு பெரிய மரம். அந்த வருஷம் விட்டு விட்டு நல்ல மழை. ஒருநாள் உலாவிவிட்டு வந்த மேனேஜர் மத்தியானம் வரைக்கும் நன்றாக ஓடியாடியது. பொழுது சாயும் நேரத்தில் வாந்தியெடுக்கத் தொடங்கியது, அடுத்து வயிற்றுப்போக்கு. கண்டதைத் தின்றிருக்கும் என்று அவள் தரையைக் கழுவிக் கழுவி ஓய்ந்தாள். மறுநாள் காலை துவண்டு கிடந்த நாய், வெயில் ஏறியதும் எழுந்து வந்து தண்ணீர் குடித்தது, வாலை ஆட்டியது, பால்காரரைப் பார்த்து வழக்கம்போலக் குரைத்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவ்வளவுதாங்க, சரியாப் போச்சு. வயித்துல இருந்த கெட்டதெல்லாம் வெளிய வந்துடுச்சு" என்றாள்.

டிரைவர் மாடிப்படியில் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதற்கு அவர் எதிர்ப்பேச்சு பேசாதது அவளுக்கு என்னவோ போல இருந்தது.

"என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"நேத்துக் காலைல அந்த மரத்தடியில ஒரு காளானைத் தின்னான். வெள்ளைக் காளான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா பிடிச்சு இழுக்கலை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே, "காளான்தானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

அது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நீதானே சொன்னாய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"இப்ப நல்லாத்தான் இருக்கான் டாக்டர், ஓடறான்" என்று அவள் முடிப்பதற்குள் டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது.

"அதை நம்பாதீங்கம்மா. சில காளான் அப்படித்தான், நடுவில ஒருநாள் நல்லா இருக்கற மாதிரி காட்டும். அந்த நேரத்துல உள்ள ஈரல் கெட்டுக்கிட்டு இருக்கும். உடனே கொண்டுவாங்க. அந்த இடத்துல இன்னும் காளான் இருந்தா, உடைக்காம அடிமண்ணோட தோண்டி ஒரு காகிதத்துல சுத்திக் கொண்டுவாங்க. பிளாஸ்டிக் பை வேண்டாம், அழுகிடும்."

அவளே கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மரத்தடியில் இன்னும் இரண்டு நின்றன. வெள்ளை வெளேரென்று, குடை விரித்து, ஒரு அழுக்கு ஒட்டாமல். அழகாகத்தான் இருந்தன. தோண்டி எடுத்தபோது காம்பின் அடியில் முட்டை ஓடு மாதிரி ஒரு பை இருந்தது. பயிற்சி வகுப்பில் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இதைப் பார்த்திருக்கிறாள். கிட்டவே போகக் கூடாத ஜாதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஷெட்டுக்குள் வளர்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், தெருவில் முளைப்பதை என்றைக்குப் பார்த்தாள்?

ஆட்டோ வந்ததும் ஊர் சுற்றத்தான் போகிறோம் என்று மேனேஜர் முதல் ஆளாகத் துள்ளி ஏறி உட்கார்ந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டார். அந்த உற்சாகத்தைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நான் பாத்த உடனே இதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், தெரிஞ்சவங்களுக்கு அனுப்பறேன். ஆனா மோசமானதுன்னு நினைச்சுத்தான் வைத்தியம் பாக்கப்போறேன்" என்றாள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈரல் அடி வாங்கியிருந்தது தெரிந்தது. முன்காலில் மயிரை வழித்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், குழாய் வழியாக மருந்து ஊற்றினார்கள். அடுத்த நாள் டாக்டரம்மா பயந்தபடியே நாய் சாய்ந்துவிட்டது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிப்போனது. டிரைவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த நிமிர்ந்த காதுகூட அசையவில்லை.

ஒவ்வொரு நாளும் கிளினிக் திறக்கும்போது போய் மூடும்போது வந்தார்கள். அங்கே சுவரோரம் ஒரு மர பெஞ்சு. ஊரிலுள்ள பூனையும் நாயும் கிளியும் வந்து போகும்வரை இருவரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் ஓயாமல் தர்க்கம் பண்ணிய தம்பதி இவர்கள்தான் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"திட்டறதா இருந்தா திட்டிடு. இப்படி உக்காந்திருக்காதே" என்றார் அவர் ஒருநாள்.

"உங்களைத் திட்டினா என்னையும் சேத்துல்ல திட்டணும்? வாயில வரலீங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அப்படியெல்லாம் செய்கிற மனுஷர் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எதிரே கூண்டில் இருந்த கிளியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நாட்களில் ஷெட்டைத் திறக்கவே இல்லை. கொத்துக் கொத்தாக விரிந்த காளான் பறிக்க ஆளில்லாமல் ஓரம் சுருண்டு, மஞ்சளாகி, சொட்டிக் கீழே விழுந்தது. வாங்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேனேஜர் பிழைத்தது. எப்படி என்று கேட்டால், இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் இல்லை என்றுதான் டாக்டரம்மா சொன்னாள். ஒரு காலை இவர்கள் உள்ளே நுழையும்போது அது தலையைத் தூக்கி, குளுக்கோஸ் மாற்ற வந்தவரைப் பார்த்து உறுமியது. உறுமலைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டவர்கள் உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாள்: "இந்த ஈரல் இன்னொரு தடவை தாங்காது. காளான் ருசியை அவன் மறக்கணும். எது உங்க ஷெட்டு காளான், எது மரத்தடிக் காளான்னு அவனுக்கு யார் சொல்லித்தருவா?"

மறக்கடிக்கத்தான் பார்த்தார்கள். அடிக்காம்பு வைப்பதை நிறுத்தினாள். ஷெட்டுக்குத் தடுப்புக் கதவு போட்டார் டிரைவர். வெளியே போகும்போது வாய்க்கூடு மாட்டினார்கள். வாய்க்கூட்டைப் பார்த்தாலே அது கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு தண்டனை பெற்றது போலப் பார்க்கும். என்ன செய்தும் அந்த வீடு முழுக்கக் காளான் வாடைதான், அவள் கையில், சேலையில், சாக்கில், கொல்லைப்புறத்தில் கொட்டிய பழைய வைக்கோலில் எல்லாம் அதே வாடை. அந்த வைக்கோல் குவியலில் மழைக்குத் தானாக ஏதேதோ குடை பிடித்து முளைக்கவும் செய்தது. ஒருநாள் துணி உலர்த்த வந்தவள், மேனேஜர் குவியலுக்குள் மூக்கைப் புதைத்து எதையோ மெல்லுவதைப் பார்த்தாள். பாய்ந்து போய் வாயைப் பிளந்து, விரலை உள்ளே விட்டு வழித்து எடுத்தாள். கறுப்பாகக் கசங்கிய காளான். நாய் கடிக்கவில்லை, ஏன் பிடுங்கினாய் என்று பார்த்தது. காளான் தின்றால் சந்தோஷப்படுகிறவள்தானே இவள்? அதற்கு அப்படித்தானே தெரியும்?

அன்று சாயங்காலமே ஷெட்டை மூடிவிடுகிறேன் என்றாள்.

டிரைவர் திகைத்துப் போனார். பிறகு பழைய வேகம் அத்தனையும் திரும்பி வந்தது.

"பைத்தியமா உனக்கு? எத்தனை வருஷ உழைப்பு! நான் அந்த வைக்கோலைத் தூரமாக் கொண்டுபோய்க் கொட்டறேன். நாயைக் கட்டிப்போட்டுப் பாத்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கிங்க கட்டிப்போடுவீங்க?"

"அதுக்காக? உனக்கு அந்த ஷெட்டுன்னா உசிருன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அந்த ருசியைக் காட்டினது நான். அதை அவன் மறக்கணும்னா நான்தான் விடணும்."

அந்த வழக்கிலும் அவளே ஜெயித்தாள். கடைசிப் பைகளை இறக்கிய நாளில் அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் சாக்குகளைப் பிடுங்கினார்கள். வெயில் உள்ளே வந்தது. அவ்வளவு சின்ன இடமா இது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நின்றுகொண்டே கொஞ்சம் அழுதாள், அவர் பார்க்காதது போல வைக்கோலைக் கூட்டினார். தெரு வாயைச் சும்மா வைத்துக்கொள்ளுமா? முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார்கள், மகள் தடுத்துவிட்டாள் என்றார்கள், பூச்சி விழுந்து நஷ்டம் என்றார்கள். ஒரு நாய்க்காக என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் முழங்காலையே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாய்க்கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலை உலாவுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் நாலடி முன்னால் நடப்பாள், கையில் ஒரு பழைய குடைக்கம்பு. மரத்தடி, சாக்கடையோரம், இற்றுப்போன கட்டைக்கடியில் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். எங்கே முளைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வருஷக்கணக்காகக் கெஞ்சிக் கொஞ்சி முளைக்க வைத்த கை. குடைக்கம்பால் நெம்பிப் பிடுங்கி, காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் போடுவாள். பின்னால் மேனேஜரைப் பிடித்துக்கொண்டு வருகிற டிரைவர், "போகலாமா?" என்பார். அவள் "வாங்க" என்றால்தான் நாய் நகரும். மழைக்காலம்தோறும் இப்படித்தான். மேனேஜர் அதன் பிறகு ஒரு காளானையும் தின்னவில்லை. கிழடாகி, மூக்கு நரைத்து, ஒரு மத்தியானம் டிரைவரின் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கினது அப்படியே போய்விட்டது. ஈரலுக்கு ஒன்றும் இல்லை, வயசுதான் என்றாள் டாக்டரம்மா. இருவருக்கும் அதில் ஒரு ஆறுதல் இருந்தது.

அடுத்த மழை வந்தது. காலையில் எழுந்தவள் குடைக்கம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். காலி மனைக்குப் போய், குனிந்து, நெம்பிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டிரைவர் வெறுங்கையோடு நின்றிருந்தார்.

"அவன்தான் இல்லையே. யாருக்காகப் பிடுங்கறே?"

அவள் அடுத்ததைத் தேடினாள். அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, மெல்லப் பின்னாலேயே வந்தார். மரத்தைச் சுற்றி முடித்து அவள் நிமிர்ந்தபோது, அவர் வேருக்கு மறுபக்கம் கையைக் காட்டினார். அங்கே வெள்ளையாக ஒன்று விரிந்து நின்றது.

"இதை விட்டுட்டியே."

அவள் திரும்பி வந்து பார்த்தாள். சற்றுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன் இருந்திருந்தா இன்னிக்கு இதைத் தின்னிருப்பான்."

"அவன் இருந்திருந்தா நீ விட்டிருக்க மாட்டே" என்றார் டிரைவர்.